சுவர்ப் பக்கத்து வெளிச்சம்

அன்பு மகளுக்கு,

ஸ்டூடியோவின் பின் அறையில், கம்ப்யூட்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு, அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றதும் பதறாதே. இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. குளிர்தான் இன்னும் விடவில்லை. காலையில் குழாயைத் திறந்தால் கை விறைத்துப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்ததற்கு அம்மா மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து உறையைப் பிரித்திருந்தால், ஏமாந்தாய். கோபத்தில்தான் வைத்தேன். நான்கு நாளாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. மறுபடி போனில் கூப்பிடாமல் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கோபம் வந்தால் என் உதடு சேரமாட்டேன் என்கிறது. ப, ம வருகிற சொல்லெல்லாம் வாயோரமாகக் காற்றாகப் போய்விடுகிறது. நீ அந்தப் பக்கம் "என்னம்மா, என்னம்மா" என்கிறாய். ஒரு திட்டை மூன்று தடவை திரும்பச் சொன்னால் அதற்கு என்ன மரியாதை இருக்கிறது? காகிதத்தில் என் வாய் கோணாது. முழுதாகத் திட்டலாம்.

முதலில் எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். போன வாரம் புதன்கிழமை உன் வருங்கால மாமியார் அப்பாவின் போனில் கூப்பிட்டார். மண்டபம், வண்டி, நம் பக்கம் எத்தனை பேர் என்றெல்லாம் பேசிவிட்டு, "அவங்ககிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்" என்று என்னைக் கேட்டார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று எனக்குக் கையை ஆட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். நல்ல குரல் அவருக்கு. "உங்க பொண்ணு அனுப்பின குடும்ப போட்டோவ பிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன். உங்க முகத்துல என்ன ஒரு களை! கல்யாணத்துக்கு அதே சிரிப்போட வந்து நில்லுங்க" என்றார். சரிங்க என்றேன். எந்தச் சிரிப்பு என்றுதான் விளங்கவில்லை. ஐந்து மாதமாக என்னிடம் இருப்பது அரைச் சிரிப்பு.

போனை வைத்ததும் அந்தப் படத்தைக் காட்டுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் லென்ஸ் துடைக்க ஆரம்பித்தார். தூசியே இல்லாத லென்ஸ். கால் மணி நேரம் துடைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் போனை என் கையில் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

நீ லீவில் வந்திருந்தபோது நம் ஸ்டூடியோவில் நீலத் திரைக்கு முன்னால் மூவரும் நின்ற படம். நான் மாட்டேன் என்றதற்கு "ஒண்ணே ஒண்ணும்மா" என்று இழுத்து நிறுத்தினாயே, அதுதான். அதில் நான் நேராகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இடது கண் அழகாகச் சுருங்கியிருக்கிறது. நெற்றியில் இரண்டு பக்கமும் கோடு விழுந்திருக்கிறது. முப்பது வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர் போனவர் முகத்தையெல்லாம் டச்சப் செய்தவள் நான். என்னிடமேவா? நல்ல பாதியை எடுத்துத் திருப்பிப் போட்டு, விழுந்த பாதியின் மேல் ஒட்டியிருக்கிறாய். மூக்கு நுனியில் சேர்ந்த இடம் தெரியவே இல்லை. சுத்தமான வேலை, ஒத்துக்கொள்கிறேன். நான் பழக்கிய கையாயிற்றே.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். உன் கண்ணிலும் அப்பா கண்ணிலும் வெளிச்சப் புள்ளி ஜன்னல் பக்கம் விழுந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு கண்ணில் ஜன்னல் பக்கம், இன்னொரு கண்ணில் சுவர்ப் பக்கம். அந்தச் சுவரில் பழைய பீரோவைத் தவிர என்னடி இருக்கிறது? வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

டீ குடித்துவிட்டுத் திரும்பிய அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "புள்ள ஆசையா கேட்டுது, நான் என்ன பண்றது? உன்மேல இருக்கற பாசத்துலதான் செஞ்சா" என்றார். அப்படியென்றால் உங்கள் மேல் அவளுக்குப் பாசமே இல்லையா, உங்கள் வழுக்கையில் ஒரு முடிகூட வைக்கவில்லையே, தொப்பையை ஒரு விரல் அளவுகூடக் குறைக்கவில்லையே என்று கேட்டேன். மனிதர் மறுபடி லென்ஸை எடுத்துக்கொண்டார். சிரிப்புக்காக எழுதவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. அவருடைய வழுக்கையை யார் பார்த்தாலும் உனக்கு ஒன்றுமில்லை.

மழை ஆரம்பித்த வாரம் பல் தேய்த்துக் கொப்பளித்த தண்ணீர் என் வாயின் ஒரு ஓரமாக ஒழுகியதும், கண்ணாடியில் பார்த்தபோது பாதி முகம் தூங்கிப்போயிருந்ததும் உனக்குத் தெரிந்த கதை. நரம்பு, காலப்போக்கில் முக்கால்வாசி திரும்பும், முழுதாகத் திரும்புமா என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு வீட்டையும் இந்த அறையையும் விட்டு நான் வெளியே வரவில்லை. வாடிக்கையாளர் வந்தால் திரைக்குப் பின்னாலிருந்தே பதில் சொல்வேன். உன் சம்பந்தம் பேச அப்பா மட்டும் வந்ததும், வீடியோவில் பேசாமல் குரலோடு நிறுத்திக்கொண்டதும் என் ஏற்பாடுதான். அந்தப் பழியை உன்மேல் போடமாட்டேன். ஒளிந்துகொள்ள உனக்கு வழிகாட்டியவள் நான். ஆனால் நான் வெளியே வந்துவிட்டேன் என்பதை நீ கவனிக்கவில்லை. எப்படி வந்தேன் என்று நீ கேட்கவும் இல்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்கிறேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறாரே, எப்போதும் முழங்கால் வரை மண்ணோடு திரிபவர், அவர் நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாள் வந்தார். பான்சிப் பூ நாற்று விற்கிறாராம். வாங்க வருகிறவர்கள் மொட்டைப் பார்த்து என்ன நிறம், என்ன நிறம் என்று கேட்டு உயிரை வாங்குகிறார்களாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு படம் எடுத்துப் பலகையில் ஒட்டிவிட்டால் தன் தொண்டை பிழைக்கும் என்றார். அப்பா வெளியூரில் ஒரு கல்யாண வேலைக்குப் போயிருந்தார். நான் திரைக்குப் பின்னாலிருந்து, அவர் வரட்டும், எனக்கு முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, நான் வெளியே வருவதில்லை என்றேன்.

அந்த மனிதர் ஐயோ பாவம் என்றுகூடச் சொல்லவில்லை. "பூ உங்கள எதுக்குங்க பாக்குது? அதுங்க வெயிலத்தான் பாக்கும். ஏழு மணிக்கு வந்துடுங்க. பதினோரு மணி வெயில் ஏறிட்டா தலைய தொங்கப் போட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யோசிக்க நேரம் கொடுத்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை சால்வை. திருடப் போகிறவள்போலத்தான் முதல் நாள் போனேன். அங்கே நானூறு முகம் என்னைப் பார்த்து நிற்கிறது! பான்சியை நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். ஐந்து இதழ், நடுவில் கறுப்புத் திட்டு, அதிலிருந்து மீசை மீசையாகக் கோடுகள். மஞ்சளில் கறுப்பு, கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளை, செங்கல் நிறம், வெளிர் நீலம், கிட்டத்தட்டக் கறுப்பே ஆன ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகபாவம். காபி வரத் தாமதமானால் உன் பெரியப்பா உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம் ஒரு வரிசை முழுக்க. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சால்வைக்குள் சிரித்தேன். கோணலாகத்தான் வந்திருக்கும், யார் கண்டது.

படம் எடுப்பது நான் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. பூ தரையிலிருந்து ஒரு சாண்தான். சாக்கு விரித்துப் படுத்தால்தான் அதன் முகத்துக்கு நேரே வரமுடியும். காற்று அசைத்துக்கொண்டே இருக்கும். அது நிற்கிறவரை வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருப்பேன், அப்போதுதான் அடுத்தது பூக்குமாம். கத்தரிப்பூ நிறம் கேமராவில் நீலமாக விழுகிறது. ஒரு பூவைக் கிள்ளி வந்து திரைக்குப் பக்கத்தில் வைத்து, அதன் நிறம் அதற்குத் திரும்புகிறவரை சரிசெய்தேன். முப்பது வருடத்தில் இருப்பதை இருக்கிறபடி கொண்டுவருவதற்கு நான் செய்த முதல் டச்சப் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. படம் எடுக்கும்போது இடது கண்ணை மூடிப் பழகியவள் நான். இப்போது அது முழுதாக மூடுவதில்லை. முதலில் விரலால் அழுத்திப் பிடித்தேன். பிறகு போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு கண்ணில் பூ, இன்னொரு கண்ணில் அதன் பக்கத்துப் பூ, தண்ணீர்க் குழாய், நர்சரிக்காரரின் மண் கால் எல்லாம் தெரிந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முன்னாலேயே கண்டுகொள்ள அது வசதியாகக்கூட இருக்கிறது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ சால்வை நழுவியது. இரண்டு கையும் கேமராவில். எடுத்து மூடவில்லை. நாற்று வாங்க வந்த இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் உற்றுப் பார்த்தார். நானும் அவரை உற்றுப் பார்த்தேன். அவர் வெள்ளைப் பான்சி என்ன விலை என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான். இதற்காகவா மழைக்காலம் முழுக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. பலகைக்கு அவர் கேட்டது பதினெட்டுப் படம். நான் எடுத்து வைத்திருப்பது இருநூறுக்கு மேல்.

இதெல்லாம் எதற்கு என்கிறாயா? புதன்கிழமை உன் படத்தைப் பார்த்த பிறகு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, என் பான்சி ஒன்றை எடுத்து நீ எனக்குச் செய்ததை அதற்குச் செய்தேன். மஞ்சள் பூ. நடுவில் வெட்டி, வலது பாதியைத் திருப்பி இடப்பக்கம் ஒட்டினேன். பான்சியின் மேல் இதழ் இரண்டும் எப்போதும் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறித்தான் இருக்கும், எந்தப் பூவிலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. என் வேலைக்குப் பிறகு இரண்டும் வகிடு எடுத்த மாதிரி நேராக வந்து முட்டின. மீசைக்கோடு இரண்டு பக்கமும் அளவெடுத்தாற்போல். பிரிண்ட் போட்டு, எதுவும் சொல்லாமல், உண்மைப் படத்தோடு சேர்த்து நர்சரிக்காரரிடம் காட்டினேன். உண்மைப் படத்தை உடனே பலகைக்கு எடுத்துக்கொண்டார். மற்றதைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம தோட்டத்துப் பூ இல்லீங்களே. பொம்மையா?" என்றார்.

உன் மாமியார் வீட்டு ஹாலில் பிரேம் போட்டு மாட்டியிருப்பதும் அதுதான்.

எழுதிக்கொண்டிருக்கும்போது பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வந்துவிட்டது. இப்போதெல்லாம் முன்னால் போய் நானே எடுக்கிறேன். இது மறுநாள் காலை. நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு வரியையும் அடிக்கப் போவதில்லை.

ஒரு தையல்காரம்மாவைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். கன்னத்தில் கை அகலத்துக்குத் தீக்காயத் தழும்பு. அவர் கேட்கவே இல்லை, நானாக அதை வழித்து எடுத்து, வெண்ணெய்போலக் கன்னம் வைத்துக் கொடுத்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைப்பு. மறுநாள் வந்து படங்களை மேஜைமேல் வைத்து, "இது நான் இல்லம்மா. என் கன்னத்த எனக்குக் குடுங்க" என்றார். என்ன பிடிவாதம் பிடித்த பெண் என்று முணுமுணுத்துக்கொண்டே தழும்பைத் திரும்ப வைத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இத்தனை வருடம் கழித்துத்தான் புரிகிறது. ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்தேன், தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். "அவங்க ஏதாவது நினைச்சுக்குவாங்கம்மா" என்றாய். நினைக்கட்டும். நினைத்துவிட்டு நிறுத்துகிற கல்யாணமாக இருந்தால், அது என் முகத்தால் நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும் என்றும், அவர் தன் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் சொன்னார் என்றும், நீதான் தடுத்தாய் என்றும் உன் வாயாலேயே சொன்னாய். அந்தப் பிள்ளைமேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

"ஆல்பம் காலத்துக்கும் இருக்கும்மா" என்றாய். அதனால் மேடையில் வலது பக்கத்தைக் காட்டிக் கொஞ்சம் திரும்பி நில், முடிந்தால் பின் வரிசையில் நில் என்றாய். முடிந்தால்! இதுவரை எத்தனை கல்யாணத்தில் எத்தனை அம்மாக்களை "கொஞ்சம் முன்னாடி வாங்கம்மா" என்று கையைப் பிடித்து முன்னால் நிறுத்தியிருக்கிறோம் நாம். என் மகள் கல்யாணத்தில் நான் பின் வரிசைக்கா? காலத்துக்கும் இருக்கும் என்பதால்தான் சொல்கிறேன். அதில் என் முகம் இருக்கவேண்டும். இன்னும் இருபது வருடம் கழித்து உன் பிள்ளை அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது, எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளும் படத்தில் இருக்கிற ஆளும் ஒருவராக இருக்கவேண்டும்.

ஆகவே நான் முடிவு செய்ததைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு வருவேன். சால்வையும் கறுப்புக் கண்ணாடியும் வீட்டிலேயே இருக்கும். முன் வரிசையில், உனக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நேராக நிற்பேன். படம் எடுப்பவர் திரும்பச் சொன்னால் திரும்பமாட்டேன். நீ சொன்னாலும் திரும்பமாட்டேன்.

இந்த உறையில் மூன்று படம் இருக்கிறது. இரண்டு, அந்த மஞ்சள் பான்சி, உண்மையும் பொம்மையும். எது எது என்று பின்னால் எழுதவில்லை. உனக்கே தெரியும். மூன்றாவது நான். திங்கட்கிழமை காலை நர்சரியில், பூ வரிசைக்கு நடுவில் மண்ணில் உட்கார்ந்து, அவையெல்லாம் பார்க்கிற பக்கமே நானும் பார்த்தேன். எடுத்தது உன் அப்பா. எனக்கு இப்படி ஆன பிறகு என்னை நேராக அவர் எடுத்த முதல் படம். பழக்கதோஷத்தில் "தலைய கொஞ்சம் வலது பக்கம்..." என்று ஆரம்பித்தார். பிறகு அவராகவே நிறுத்திக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு லென்ஸைத் துடைக்கவில்லை.

ஒரு டச்சப்பும் இல்லை. வாய் வலப்பக்கம் ஏறியிருக்கிறது, இடது புருவம் இறங்கியிருக்கிறது. இரண்டு கண்ணிலும் வெளிச்சம் ஒரே பக்கம், கிழக்குப் பக்கம். பார்த்துக்கொள்.

இதே படத்தின் இன்னொரு பிரதி உன் மாமியாரின் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, என் மேஜை டிராயரில் இருக்கிறது. தபாலில் போடவில்லை. அடுத்த ஞாயிறுவரை போடமாட்டேன். நீயே கொண்டுபோய் ஹாலில் இருப்பதை இறக்கிவிட்டு இதைக் கொடுத்தால் அழகு. "அம்மா சொல்லித்தான்" என்று சொல்லாதே. உனக்குத் தோன்றிச் செய்ததாக அவர் நினைக்கட்டும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் போகிறேன்.

பான்சி இன்னும் மூன்று வாரம் தாங்குமாம், வெயில் ஏறினால் முடிந்தது என்கிறார் நர்சரிக்காரர். தினமும் போகிறேன். ஒரு தட்டு நாற்று வாங்கி மாடியிலும் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குளிரில் காதை மூடிக்கொண்டு வண்டி ஓட்டச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

திட்டி முடித்துவிட்டேன். இனி கேட்பது ஒன்றே ஒன்று. லீவில் வந்த எட்டு நாளும் நீ என் வலப்பக்கமே உட்கார்ந்தாய். சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, மாடியில் வெயில் காய்ந்தபோதும்கூட. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று என் இடப்பக்கம் வந்து நில். அந்தக் கண்ணில் சும்மாவே தண்ணீர் வழியும். அது அழுகையில்லை, பயப்படாமல் துடைத்துவிடு. வலது கண்ணிலும் வழிந்தால், அப்போது மட்டும் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொள்.

நீ எந்தப் பக்கம் நின்றாலும் நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் அம்மா